உடும்புக்குறி வில்லைக்கடைக்கு மாறியது குறித்துச் செங்காந்தள் தேவியாருக்கு

முத்துறை நாட்டின் உப்பு வெள்ளையாக விளைக. அதன் கலங்கள் போன துறைகளிலிருந்தெல்லாம் பொருளோடு மீள்க. அதன் கோமான் நெடுங்கடலாரின் கோல் நிமிர்ந்தே நிற்க. அக்கோமானின் பெருந்தேவியும், வெண்குன்ற நாட்டு மறைந்த மன்னரின் மகளாரும், இந்நாளில் வெண்குன்றம் ஆளும் கோ இளநாகனாரின் ஒரே தங்கையாருமாகிய செங்காந்தள் தேவியார் திருமுன், வெண்குன்றத்து அமைச்சன் பெருஞ்சேந்தன் தலைதாழ்த்தி விடுக்கும் ஓலை.

தேவியார் நலமே வாழ்க. கோமான் நலமே வாழ்க. புதிதாய்ப் பிறந்திருக்கும் இளவரசியாரும் நலமே வாழ்க. இளவரசியாரின் பெயரை இவ்விடத்தில் எழுதி வாழ்த்துவதே முறை. அவ்வாறு எழுத இயலாமல் போனதற்குக் காரணம் எதுவோ அதுவே இவ்வோலையின் பொருள் ஆதலால், நடந்ததைத் தொடக்கத்திலிருந்து சொல்கிறேன்.

உப்பு வணிகரின் வண்டியில் தேவியார் அனுப்பிய ஓலை எங்களை வந்தடைந்தது. அதில் வாழ்த்து இல்லை, பட்டப்பெயர்கள் இல்லை. 'வெண்குன்றத்தில் எனக்கு ஓர் அண்ணன் இருந்தார். அவர் இன்னும் இருக்கிறாரா என்று அங்குள்ள எவரேனும் எனக்குத் தெரிவிக்கவும்' என்று மட்டும் எழுதியிருந்தது. அப்போது அவையில் ஏரிமதகு வழக்கு நடந்துகொண்டிருந்தது. மன்னர் அவ்வோலையைத் தாமே படித்தார். மீண்டும் ஒருமுறை படித்தார். வழக்காடிய இருவரையும் மதகைப் பொதுவாக வைத்துக்கொள்ளச் சொல்லி அனுப்பிவிட்டார். அத்தீர்ப்பு சரியானதா என்று பின்னர்தான் ஆராய வேண்டும்.

தேவியாரின் வினாவுக்கு முதற்கண் விடை கூறுகிறேன்: இருக்கிறார். உடல்நலத்தோடு இருக்கிறார். தேவியாரின் ஓலைகளுக்கு மறுமொழி வராமல் போனதற்குக் காரணம் மறதியும் அன்று, மனக்கசப்பும் அன்று. நாங்கள் அஞ்சல் மனையை மாற்றினோம்.

நெடுவழிப் பெருமனையைத் தேவியார் அறிவார். தேவியார் இங்கே வளர்ந்த காலத்தில் நம் ஓலைகளைச் சுமந்தது அந்த மனையே. மலைக்கும் கடலுக்கும் இடையில் அதற்குச் சாவடி இல்லாத ஊர் இல்லை. சிவப்புத் துண்டு அணிந்த அதன் ஓட்டக்காரர் வந்தால் சந்தை நடுவிலும் வழி கிடைக்கும். நம் அரண்மனை வாயிலில் தீட்டியிருந்த உடும்புக்குறியும் அந்த மனையார் தீட்டியதே. ஓலையின்மேல் ஓர் உடும்பை வரைந்துவிட்டால் போதும், அது எந்த நாட்டிலிருந்தும் வெண்குன்றத்து வாயிலுக்கு வந்து சேரும். நம் நாடு எவருக்கும் திறை கட்டாத நாடு என்று கல்லில் பொறித்து வைத்திருக்கிறோம். பெருமனைக்குத் திங்கள்தோறும் கட்டியதை அக்கணக்கில் சேர்க்கவில்லை.

அத்தொகை பருவத்துக்குப் பருவம் வளர்ந்தது. வளர்ந்ததற்கான விளக்கமும் உடன் வந்தது. அவ்விளக்கத்தைப் புரிந்துகொள்வதற்கென்றே நான் ஒரு கணக்கரை அமர்த்தினேன். கடந்த பருவத்தில் 'தென்தீவுகளுக்கு வரம்பில்லா ஓட்டம்' என்று ஒரு வரி புதிதாக முளைத்தது. மன்னர் அதைக் கண்டு என்னிடம், "அந்தத் தீவுல நமக்கு யாரு இருக்கா?" என்று வினவினார். ஒருவரும் இல்லை என்று விண்ணப்பித்தேன். "அப்புறம் எதுக்கு அங்க வரம்பில்லாம ஓடணும்?" என்றார். நான் கணக்கரை அழைத்து வினவினேன். அவர் விளக்கத்தை மீண்டும் முதலிலிருந்து படிக்கத் தொடங்கினார்.

ஆதலால் மன்னர் தாமே பெருமனையின் தலைமண்டபத்துக்கு எழுந்தருளினார். நானும் உடன் சென்றேன். மண்டபம் மிக அழகியது. எங்களைப் பட்டு விரித்த இருக்கையில் அமர்த்திச் சந்தனம் கொடுத்தார்கள். யாழ் வாசிப்பவர் ஒருவர் ஒரே பாட்டின் முதலடிகளை வாசித்து, நிறுத்தி, மீண்டும் முதலிலிருந்து வாசித்தார். இடையிடையே ஒரு பெண் வந்து கைகூப்பி, தங்கள் வருகை எங்களுக்கு மிகப் பெரிது, அன்புகூர்ந்து காத்திருக்கவும் என்று சொல்லிச் சென்றார். முதலில் மன்னர் அவருக்குத் தலையசைத்தார். பிறகு நான் தலையசைத்தேன். பிறகு இருவரும் அசைக்கவில்லை.

அழைப்பு வந்தபின் ஓர் அறைக்குச் சென்றோம். அங்கிருந்தவர் மன்னரின் பெயரையும் தந்தையார் பெயரையும் கேட்டு எழுதிக்கொண்டு, இது அடுத்த அறையின் பொறுப்பு என்றார். அடுத்த அறையிலும் பெயரையும் தந்தையார் பெயரையும் கேட்டார்கள். கடைசி அறையில் இருந்தவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, வெண்குன்றம் என்பது ஊரா, நாடா என்று வினவினார். மன்னர் எழுந்து வெளியே வந்துவிட்டார்.

மண்டபத்தின் எதிரே சந்தை. சந்தையின் ஓரத்தில் மூங்கில் தட்டி வைத்த ஒரு கடை. அதில் கொற்றி என்னும் நடுவயதுப் பெண் அமர்ந்து சுட்ட மண் வில்லைகளை விற்றுக்கொண்டிருந்தார். இவரும் அஞ்சல் நடத்துபவர் என்று அருகில் நின்றவர்கள் சொன்னார்கள். அவர் எங்கள் உடையைப் பார்த்தார்; எழுந்து நிற்கவில்லை. முன்னே ஒருவருக்குச் சில்லறை எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தார். கொற்றி சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறேன். எங்கள் அவை மொழியில் மாற்றி எழுதிப் பார்த்தேன், நீண்டுவிட்டது.

"யாரு வந்தாலும் ஒரே விலைதாங்க. முன்னாடியே வில்லை வாங்கிக்கணும். ஒரு ஓலைக்கு ஒரு வில்லை. வில்லை தீந்துச்சுன்னா ஓட்டம் நிக்கும், வந்து வாங்கிக்கிட்டா திரும்ப ஓடும். மாசக் கணக்கு கிடையாது. பிடிக்கலைன்னா போயிடலாம், நான் பின்னாடியே வந்து கூப்பிட மாட்டேன்."

இதில் குறை என்ன என்று மன்னர் வினவினார்.

"திருவிழாக் காலத்துல பிந்தும்," என்றார் கொற்றி. "அப்புறம், உக்காந்து பேச மண்டபம் கிடையாதுங்க."

"யாழ்?"

"அதுவும் கிடையாது."

மன்னர் அங்கேயே முடிவு செய்தார். ஆராய்ந்து சொல்கிறேன் என்று நான் விண்ணப்பித்ததை மன்னர் கேட்டாரா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் கையில் அப்போதே ஒரு சரம் வில்லை இருந்தது.

மறுநாள் வாயிலுக்கு வில்லைக்கடையின் ஓட்டக்காரர் வந்தார். பழுப்புத் துண்டு அணிந்திருந்தார். முகம் பழகிய முகமாக இருக்கவே உற்றுப் பார்த்தேன். அவர் வேழன், நெடுங்காலம் பெருமனையின் சிவப்புத் துண்டோடு நம் வாயிலுக்கு வந்தவர். நீ பெருமனையின் ஆள் அல்லவா என்று வினவினேன்.

"இப்பவும் அவங்க ஆள்தாங்க," என்றார் வேழன். "அவங்க ஓட்டத்துல மிச்சம் கெடக்குற இடத்தைக் கொற்றியக்கா மொத்தமா வாங்கி வெச்சிருக்காங்க. செவப்புப் பை முதல்ல போகும், பழுப்புப் பை அதுக்கப்புறம். ரெண்டையும் தூக்குறது நான்தான்."

அதே வழி, அதே சாவடி, அதே கால். துண்டு மட்டும் வேறு.

பெருமனையிலிருந்து ஒரு தூதர் அதன்பின் வந்தார். இனிய குரலினர். மன்னர் பிரிந்து செல்வதறிந்து மனையே துயருற்றிருப்பதாகவும், இனிப் பாதிக் கட்டணமே போதும் என்றும், தேனும் பட்டாடையும் உடன் வரும் என்றும் மொழிந்தார். இதை முன்பே சொல்லியிருக்கலாமே என்று மன்னர் வினவினார். இச்சலுகை பிரிந்து செல்வோர்க்கு மட்டுமே உரியது, உடன் இருப்போர்க்கு வழங்கும் வழக்கம் இல்லை என்று தூதர் விளக்கினார். மன்னர், "இத்தனை காலம் கூட இருந்தது எங்க தப்பு. உடும்பை மட்டும் குடுத்துடுங்க, நாங்க போறோம்," என்றார்.

தேவியாரே, இங்கேதான் எல்லாம் கெட்டது.

வாயிற்குறி ஒரு மனையிலிருந்து மற்றொன்றுக்கு மாற வேண்டுமானால், பழைய மனை ஒரு விடுவிப்புச்சொல்லைத் தரவேண்டும். அச்சொல்லைப் புதிய மனையிடம் சொன்னால்தான் அவர்கள் அக்குறியைத் தங்கள் பெயரில் ஏற்பார்கள். பெருமனையார் மறுக்கவில்லை. ஏணியோடு ஓர் ஆளை அனுப்பினார்கள். அவர் மிகப் பணிவாக நம் வாயிலில் இருந்த உடும்பைச் சுரண்டி எடுத்துவிட்டு, மோர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். விடுவிப்புச்சொல்லை ஓலையில் எழுதி மற்றொருவரிடம் கொடுத்து, உடும்புக்குறி உள்ள வாயிலில் சேர்க்கும்படி அனுப்பினார்கள். அவர் வந்து பார்த்தார். வாயிலில் உடும்பு இல்லை. காவலரிடம் உடும்பு வீடு எது என்று கேட்டார். காவலர் வாயிலை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "இங்க உடும்பு எதுவும் இல்லையே," என்று உள்ளதை உள்ளபடி சொன்னார். அவர் திரும்பிப் போய்விட்டார். இதன்பின்னும் அவர் வந்திருக்கிறார், போயிருக்கிறார். பெருமனையிலோ, இது ஆய்வில் உள்ளது என்று எழுதி வைத்துக்கொண்டார்கள் என்பதைப் பின்னர் அறிந்தோம்.

அன்று முதல் உடும்புக்குறி எந்த மனைக்கும் உரியதாக இல்லை. ஆனால் அது எங்களுக்குத் தெரியாது. வேழன் வந்தார், நாங்கள் ஓலை கொடுத்தோம், வில்லையை உடைத்தார், வாங்கிச் சென்றார். மறுமொழி மட்டும் வரவில்லை. வட எல்லையார் வழக்கமாக விடுக்கும் மிரட்டலும் வரவில்லை. இது நல்லாட்சியின் பயன் என்று அவையில் ஒருவர் சொன்னார். மன்னரும் சில நாள் அவ்வாறே நம்பினார்.

முத்துறையிலிருந்து வராததை மட்டும் அவரால் அவ்வாறு நம்ப முடியவில்லை. தேவியார் கருவுற்றிருந்த செய்தி முன்பே வந்திருந்ததால் மன்னர் நாள் எண்ணிக்கொண்டிருந்தார். அந்தி தோறும் என்னிடம், "முத்துறையிலேர்ந்து?" என்று கேட்பார். இல்லை என்பேன். தாமே எழுதினார், பிறகும் எழுதினார். ஒருநாள் எழுதிக்கொண்டிருந்தவர் எழுத்தாணியைக் கீழே வைத்துவிட்டு, "பெரிய நாட்டுக்குப் போயிட்டா. நம்ம நெனப்பு எங்கேர்ந்து வரும்," என்றார். அதன்பின் அவர் அந்தியில் கேட்பதை நிறுத்திவிட்டார். இதைத் தேவியாருக்கு எழுத எனக்கு ஆணை இல்லை. எழுதக் கூடாது என்றும் ஆணை இல்லை.

இந்நிலையில்தான் உப்பு வண்டியில் தேவியாரின் ஓலை வந்தது. மன்னர் அவையை விட்டு இறங்கி நேரே சந்தைக்கு நடந்தார். கொற்றியிடம் அவ்வோலையை நீட்டினார். கொற்றி படித்தார். வில்லைகளின்மேல் ஒரு துணியைப் போட்டு மூடினார்.

"குறி வந்து சேந்துச்சான்னு பாத்துட்டுத்தான் உங்களுக்கு வில்லையே வித்திருக்கணும். நான் பாக்கலை," என்றார். "ஓலை எங்கயும் போயிருக்காதுங்க. நடுக்கானச் சாவடியிலதான் கெடக்கும். வாங்க."

நடுக்கானம் இங்கிருந்து ஒரு பகல் வழி. பல்லக்கு வரட்டும் என்றேன். அது வருவதற்குள் இருவரும் ஊர் எல்லையைத் தாண்டிவிட்டார்கள். நான் பின்னால் சென்றேன். சாவடிக்காவலர் பெயர் அழிசி. தம் வேலையில் ஒரு குறையும் சொல்ல முடியாதவர். உடும்புக்குறி ஓலைகள் இங்கே உண்டா என்று கேட்டதும், உண்டு என்றார். சுவரோரம் ஒரு மண்பானையைக் காட்டினார்.

ஏன் அனுப்பவில்லை என்று நான் வினவினேன்.

"பெருமனைக் கணக்குல இந்த உடும்பு இல்லைன்னு வந்துடுச்சு," என்றார் அழிசி. "வில்லைக்கடைக் கணக்குல இன்னும் ஏறலை. ரெண்டுலயும் இல்லாத வீட்டுக்கு நான் எந்தப் பையில போடுறது?"

"நான்தான் அந்த வீடு," என்றார் மன்னர்.

"இருக்கலாங்க. குறி வேணுமே."

நான் மன்னரின் பட்டங்களை முறைப்படி சொல்லத் தொடங்கினேன். அழிசி முழுவதையும் மரியாதையோடு கேட்டார். கேட்டு முடித்து, குறி வேண்டும் என்றார். அப்போது கொற்றி சாவடியின் அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்து வந்தார். மன்னரை அசையாமல் நிற்கச் சொல்லி, அவருடைய மேலாடையின்மேல் ஓர் உடும்பை வரைந்தார். அழிசி அருகில் வந்து பார்த்தார்.

"அணில் மாதிரி இருக்கு."

"வாலைப் பாருங்கண்ணே," என்றார் கொற்றி.

அழிசி வாலைப் பார்த்தார். பிறகு பானையைத் தூக்கி வந்து மன்னரின் முன்னே வைத்தார்.

தேவியாரின் ஓலைகள் அதில் இருந்தன. மன்னர் தேவியாருக்கு எழுதிய ஓலைகளும் அதிலேயே இருந்தன. குறி இல்லாத வீட்டிலிருந்து வந்தவை என்பதால் அவையும் அங்கேயே நின்றுவிட்டன. இத்தனை காலமும் இருவர் ஓலைகளும் ஒரே பானையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்திருக்கின்றன.

மன்னர் சாவடியின் படியில் அமர்ந்து படித்தார். மஞ்சள் நூல் கட்டிய முதல் ஓலையில், பெண் பிறந்திருக்கிறாள், மூக்கு உங்கள் மூக்கு, அதற்காக அவளை மன்னித்துவிட்டோம் என்று தேவியார் எழுதியிருந்தார். மன்னர் தம் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அடுத்ததில், பெயர்சூட்டும் நாள் குறித்தாயிற்று, தாய்மாமன் வந்து அரைஞாண் கட்டிக் காதில் பெயர் சொன்ன பிறகே நாங்கள் அழைப்போம் என்று இருந்தது. அதற்கடுத்தது நாளைத் தள்ளி வைத்த செய்தி. கடைசி ஓலை ஒரே வரி. நான் தோளுக்குப் பின்னிருந்து படித்தேன், பொறுத்தருள்க. 'அண்ணா, உடம்புக்கு ஒன்றும் இல்லையே?'

தேவியார் சினந்து எழுதும் முன்பு அஞ்சி எழுதியிருக்கிறார்.

மன்னர் நெடுநேரம் அந்தப் படியிலேயே இருந்தார். ஓட்டக்காரர்கள் அவரைச் சுற்றிப் போய்வந்தார்கள். ஒருவர் அவரைச் சற்றுத் தள்ளி உட்காரச் சொன்னார், தள்ளி உட்கார்ந்தார். பிறகு என்னைப் பார்த்து, "இன்னும் பேரு வெக்காமயா இருக்காங்க?" என்று கேட்டார். உப்பு வணிகர் அவ்வாறே சொன்னதாகத் தெரிவித்தேன். "என்னன்னு கூப்பிடுறாங்களாம்?" என்றார். பாப்பா என்று அழைப்பதாகக் கேள்வி என்றேன். மன்னர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதன்பின் நடந்தவற்றைச் சுருங்கச் சொல்கிறேன். விடுவிப்புச்சொல் அதே பானையின் அடியில் கிடைத்தது. அது 'வருக' என்னும் சொல். கொற்றி அன்றே உடும்பைத் தம் கணக்கில் ஏற்றினார்; இப்போது நம் வாயிலில் பழுப்பு வண்ணத்தில் ஓர் உடும்பு இருக்கிறது, அது உடும்பாகவே தெரிகிறது. பெருமனைக்குத் திரும்பிவிடலாம் என்று அவையில் சிலர் சொன்னார்கள். மன்னர் இணங்கவில்லை. கொற்றி தம் தவறைத் தம் தவறு என்று சொன்னதாகவும், பெருமனையில் எந்த அறையிலும் தவறு என்னும் சொல்லைத் தாம் கேட்கவில்லை என்றும் கூறினார். ஆகவே தேவியார் இனி முன்போலவே உடும்பை வரைந்து ஓலை விடுக்கலாம். திருவிழாக் காலத்தில் பிந்தினால் அதனைப் பிந்தல் என்று மட்டுமே கொள்ள வேண்டுகிறேன்.

தேவியாருக்கு இவ்விளக்கத்தை யானைமேல் ஏற்றி, சீர்வரிசையோடும் குடையோடும் தூதுவர் வழி அனுப்புவதே தகும் என்று நான் எடுத்துரைத்தேன். மன்னர் வேண்டாம் என்றார். எந்த மனையின் பையிலும் இது போகக் கூடாது என்றார். அப்படியானால் யார் கொண்டுபோவது என்று வினவினேன். "நான் போறேன்," என்றார். நாட்டை யார் பார்ப்பது என்று வினவினேன். "இத்தனை நாளும் யாரு பாத்தாங்களோ அவங்களே பாக்கட்டும்," என்று என்னைச் சுட்டிச் சொன்னார். நான் அதைப் பாராட்டாக ஏற்றுக்கொண்டேன்.

ஆதலால் வெண்குன்றத்து மன்னர் சார்பில் முத்துறை வாயிற்காவலர்க்கும் கோமான் அவையோர்க்கும் இதனால் அறிவிப்பது: இவ்வோலையைக் கொடுத்துவிட்டு வாயிலுக்கு வெளியே, புழுதிக் காலோடு, தலைப்பாகை இன்றி அமர்ந்திருப்பவர் கோ இளநாகனார். அவரைத் தடை செய்யாது உள்ளே விடுக. முதலில் குடிக்கத் தண்ணீர் கொடுக்க. அவர் மடியில் உள்ள பொதியைச் சோதிக்க வேண்டா; அதில் ஒரு பொன் அரைஞாணும் ஒரு சட்டையும் உள்ளன. சட்டையை அவர் தாமே சந்தையில் வாங்கினார். குழந்தை இதற்குள் வளர்ந்திருக்கும் என்று எண்ணி வாங்கியதால் அது நான்கு வயதுப் பிள்ளைக்கு ஆகும். இதைத் தேவியார் அவரிடம் இன்று சொல்லாதிருக்க வேண்டுகிறேன்.

நடந்ததை அவரே சொல்லத் தொடங்கினால் பாதியிலேயே நின்றுவிடுவார் என்பதை அறிந்து, தேவியார் இவ்வோலையைப் படித்து முடிக்கும்வரை வாய் திறவாதிருக்கும்படி அவரைப் பணிந்து கேட்டுக்கொண்டேன். அவரும் உடன்பட்டார்.

வெண்குன்றத்து அரச முத்திரை இதன் கீழ் இடப்பட்டது. இரு நாடும் ஒன்றையொன்று கேட்கும் தொலைவில் என்றும் இருக்க.

ஓலை முடிந்தது. இனி அவர் பேசலாம்.